மீண்ட நடையும் மாறாத படிகளும்

மனிதனைப் பிற உயிர்களினின்று பிரித்துக் காட்டும் கூறுகளை எண்ணத் தொடங்குவோர் மொழியை முதலில் வைப்பர். நிமிர்ந்த நடையை அடுத்து வைப்பர். நம் தமிழ்மொழி இவ்விரண்டையும் ஒரே சொல்லால் இணைத்துவிட்டது. காலால் நடப்பதும் நடை. எழுதும் பாங்கும் நடை. ஒழுகும் முறையை நடத்தை என்கிறோம். வழக்கத்தை நடைமுறை என்கிறோம். நிகழ்வதை நடப்பு என்கிறோம். உயிரிருந்தும் ஊக்கமின்றித் திரிபவனை நடைப்பிணம் என்கிறோம். வாழ்வின் இத்தனை கூறுகளுக்கும் வேர்ச்சொல்லாக நிற்கும் நடையை நாம் எப்போது பெற்றோம் என்பதை நம்முள் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தட்டுத் தடுமாறி எழுந்து நின்ற அந்த நாளைத் தாய் சொல்லக் கேட்டே அறிகிறோம்.

அந்த நடையை இழந்து, ஆண்டுகள் பல தரையிலும் கட்டிலிலும் கழித்து, பின்னர் அதனை மீண்டும் பெற்றவர்க்கோ ஒவ்வோர் அடியும் நினைவில் நிற்கும். அத்தகையோரைக் காணும்போது நாம் வியக்கிறோம். செய்தி எழுதுவோர் 'அதிசயம்' என்று தலைப்பிடுகின்றனர். இந்த வியப்பில்தான் ஒரு தீங்கு மறைந்திருக்கிறது. ஒன்றை அதிசயம் என்று சொல்லிவிட்டால் அதில் நமக்குப் பங்கும் இல்லை, பொறுப்பும் இல்லை. மீண்ட நடை அதிசயமன்று. அது பலர் கூடிச் செய்து முடிக்கும் ஒரு வேலை. அவ்வேலையின் ஒரு பாதி மருத்துவமனையில் நிகழ்கிறது; மறுபாதி நம் வாயிற்படிகளில் நிகழ வேண்டும். முதற்பாதியைக் கைதட்டிப் போற்றும் நாம் மறுபாதியைச் செய்யாது விட்டுவிடுகிறோம் என்பதே இங்கு நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இழப்பும் மீட்பும்

நடையை இழக்கும் வழிகள் பல. நம் ஊர்களில் மிகுதியும் காணப்பட்டது இளம்பிள்ளை வாதம். இந்நோய்க்கிருமி தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களைத் தாக்கி அழிக்கிறது. தொடு உணர்ச்சி குறைவதில்லை, அறிவு மங்குவதில்லை, மூளையின் கட்டளை தசைக்குச் செல்லும் வழி மட்டும் அறுந்துபோகிறது. இயற்கையாகப் பரவும் இக்கிருமியால் இந்தியாவில் இறுதியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில். 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய மண்டலம் இந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் நோய் நீங்கியதே தவிர, அதற்கு முன் நோயுற்றோர் நம்மிடையேதான் வாழ்கின்றனர். அவர்கள் இன்று நடுவயதினராகவும் முதியோராகவும் உள்ளனர்.

நெடுநாள் நடவாத காலை நடக்கச் செய்வது எளிதன்று. தவழும் குழந்தையின் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். அறுவை மருத்துவர் முதலில் அவ்விறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். மாவுக்கட்டுப் போட்டுச் சிறிது சிறிதாகக் காலை நிமிர்த்த வேண்டும். அதன்பின் காலிப்பர் என்று வழங்கும் கால்தாங்கி வருகிறது. இருபுறமும் உலோகச் சட்டங்கள், தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல்வார்கள், அடியில் காலணி, முழங்காலருகே ஒரு சிறு பூட்டு. நிற்கும்போது பூட்டு விழுந்து முழங்கால் மடங்காமல் காக்கும். அமரும்போது கையால் அதனை விடுவிக்க வேண்டும். வலுவிழந்த தொடைத்தசையின் வேலையை அச்சிறு பூட்டு ஏற்றுக்கொள்கிறது. பிறகு இணைகம்பிகளுக்கு நடுவே பயிற்சி; அடுத்து ஊன்றுகோல்; அடுத்துச் சமதரை; எல்லாவற்றுக்கும் இறுதியில் படி.

குழந்தை வளர்வதால் காலிப்பரும் மாற்றப்பட வேண்டும். அறுந்த வாரையும் சிறுத்துப்போன காலணியையும் உரிய காலத்தில் மாற்ற இயலாமையால், எழுந்து நின்ற பிள்ளை மீண்டும் தவழ நேர்வதுண்டு. அங்கே தோற்றது மருத்துவமன்று; ஊருக்கும் பட்டறைக்கும் இடையிலுள்ள தொலைவும் பேருந்துக் கட்டணமும் அப்பிள்ளையைத் தோற்கடித்தன.

விபத்தில் தண்டுவடம் பழுதுற்றோர் நிலை வேறு. நெடுநாள் படுத்திருந்தவரைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்குவார். ஆதலின் சாய்வுப் பலகையில் அவரைப் பிணைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நிமிர்த்துகின்றனர். உடற்சுமையைத் தாங்காதிருந்த எலும்பு வலுக் குறைந்திருக்கும், எளிதில் முறியும். உணர்ச்சியற்ற தோலில் படுக்கைப்புண் தோன்றும். இவற்றையெல்லாம் கடந்து காலிப்பரும் ஊன்றுகோலும் கொண்டு நடக்கக் கற்றவரும், அன்றாட வேலைக்குச் சக்கர நாற்காலியையே விரும்புவதுண்டு. அவ்வாறு நடப்பதற்கு இயல்பான நடையைவிடப் பன்மடங்கு ஆற்றல் செலவாகிறது என்பதே காரணம். இதனை நாம் தோல்வியாகக் கருதலாகாது. வேண்டும்போது நடக்கவும் வேண்டும்போது சக்கரத்தில் செல்லவும் முடிவு செய்யும் உரிமை அவருடையது.

இத்தனை விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'அவர் நடந்துவிட்டார்' என்னும் இரு சொற்களுக்குப் பின்னால் அறுவை மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், இரும்பு வளைப்பவர், தோல் தைப்பவர், நாள்தோறும் தூக்கிச் சுமந்த தாய் எனப் பலருடைய உழைப்பு இருக்கிறது. நடப்பவரின் மனவுறுதியை மட்டும் புகழ்ந்துவிட்டு இவர்களை மறப்பது முறையன்று.

வேலூர் காட்டிய வழி

தமிழகத்தில் இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் வேலூரிலிருந்தே தொடங்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸ் என்னும் இளம் பெண் மருத்துவர், 1954ஆம் ஆண்டு சாலை விபத்தொன்றில் தண்டுவடம் பழுதுற்று, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அப்போது அங்கே பணியாற்றியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு நம் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர். தொழுநோயால் மடங்கிய விரல்களையும் தொங்கிய பாதங்களையும், வலுவுள்ள தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்திச் சீராக்கும் அறுவை முறையை வளர்த்தவர். அவருடைய ஊக்கத்தால் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார்.

அத்துடன் அவர் அமையவில்லை. ஆசுத்திரேலியாவில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் அத்துறையை முறையாகக் கற்றார். திரும்பி வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டு வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியிலும் இத்தகையதொரு வரலாறு உண்டு. 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எசு. இராமகிருஷ்ணன், 1981ஆம் ஆண்டு அவ்வூரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வியும் பயிற்சியும் கருவிகளும் வழங்கும் நிறுவனமாக அது வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு அவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்விருவர் வாழ்விலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். பிறரை எழுந்து நிற்கச் செய்யும் பணிக்கு வாழ்வை அளித்த இருவரும் தம் பணியைச் சக்கர நாற்காலியிலிருந்தே ஆற்றினர். நடை ஒரு செல்வம், ஐயமில்லை. ஆனால் மனிதனின் மதிப்பு நடையைப் பொறுத்ததன்று என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மண்ணுக்கேற்ற கால்

மருத்துவம் மண்ணை அறிந்திருக்க வேண்டும் என்பதற்குச் சான்று ஜெய்ப்பூர்க் கால். 1960களின் இறுதியில் இராசத்தானத்தின் ஜெய்ப்பூரில் பிரமோத் கரண் சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து இதனை உருவாக்கினர். அதற்கு முன் கிடைத்த மேலைநாட்டுச் செயற்கைக் கால் காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோருக்காகச் செய்யப்பட்டது. நம் மக்களோ வெறுங்காலோடு நடப்பவர், தரையில் சம்மணமிட்டு அமர்பவர், குந்தி உட்கார்பவர், சேற்று வயலில் இறங்கி நாற்று நடுபவர். வீட்டினுள் காலணியுடன் நுழைவதை ஏற்காதவர். எனவே செயற்கைக் காலைப் பெற்றவர் பலர் அதனை மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினர்.

சேத்தியும் சர்மாவும் இரப்பரைக் கொண்டு, மனிதப் பாதத்தின் வடிவிலும் நிறத்திலும், பல திசையிலும் வளையும் ஒரு பாதத்தைச் செய்தனர். அதற்குக் காலணி தேவையில்லை. ஈரத்திலும் சேற்றிலும் கெடுவதில்லை. படித்த மருத்துவரின் அறிவும் எழுத்தறிவு குறைந்த கைவினைஞரின் விரல்நுட்பமும் கூடிய இடத்தில் இது பிறந்தது. 1975ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் தொடங்கப்பெற்ற பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி இதனை ஏழைகளுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கியது. சேத்தி 1981ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார்.

ஜெய்ப்பூர்க் கால் என்றவுடன் பலர்க்கும் நினைவுக்கு வருபவர் சுதா சந்திரன். 1981ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிப் பகுதியில் நேர்ந்த பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் கால் பொருத்தி, 1984ஆம் ஆண்டு மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறியவர். அவர் வாழ்வு 'மயூரி' என்னும் தெலுங்குத் திரைப்படமாக 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. அவரே அதில் நடித்தார். இது போற்றத்தக்க வெற்றியே. எனினும் மேடையேறாத, படமெடுக்கப்படாத ஓர் உழவர் தம் வயலில் மீண்டும் இறங்கி நாற்று நட்ட நாளும் அதற்கு இணையான வெற்றியே என்போம். மீண்ட நடையின் பயன் பார்ப்போர் வியப்பதில் இல்லை; தம் வேலையைத் தாமே செய்து கொள்வதில் இருக்கிறது.

அறிவியலின் புதிய அடி

அண்மைக் காலத்தில் இத்துறை நெடுந்தொலைவு முன்னேறியுள்ளது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நரம்பியல் அறிஞர் கிரெகுவார் கூர்த்தீன், நரம்பு அறுவை மருத்துவர் ஜோசலின் பிளாக் ஆகியோர் தலைமையிலான குழு, தண்டுவடத்தின் மீது மின்முனைகளைப் பதித்துச் செயலிழந்த கால்களை இயக்கும் முறையை வளர்த்தது. 2018ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் அதன் முடிவுகள் வெளிவந்தன. 2023ஆம் ஆண்டு அதே இதழில் மேலும் ஒரு செய்தி வெளியாயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்ட்-யான் ஓஸ்காம் என்பவர் 2011ஆம் ஆண்டு மிதிவண்டி விபத்தில் தண்டுவடம் பழுதுற்றவர். அவருடைய மூளையின் நடக்கும் எண்ணத்தை ஒரு கருவி உணர்ந்து, கம்பியின்றித் தண்டுவடத்திலுள்ள மற்றொரு கருவிக்கு அனுப்புகிறது. அறுந்த பாலத்துக்கு மாற்றாக மின்னணுப் பாலம் ஒன்று கட்டப்பட்டது எனலாம். அதன் துணையால் அவர் நின்றார், நடந்தார், படியும் ஏறினார். நீண்ட பயிற்சிக்குப்பின், கருவியை நிறுத்திய நிலையிலும் ஊன்றுகோலுடன் சில அடிகள் நடக்க அவரால் முடிந்தது.

அவர் செய்தியாளரிடம் பகிர்ந்த ஒன்று நம் நெஞ்சைத் தொட்டது. வீட்டில் ஏதோ ஒன்றுக்கு வண்ணம் பூச வேண்டியிருந்தது. உதவிக்கு எவரும் இல்லை. தாமே எழுந்து நின்று பூசிவிட்டார் என்பதே அது. உலகமே வியந்த கருவி அவருக்குத் தந்த பெரும்பேறு, பிறரை எதிர்பாராமல் ஒரு சிறு வேலையை முடித்ததுதான்.

இவையெல்லாம் இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை. நம் ஊர் ஏழைக்கு எட்டப் பல்லாண்டு ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாத, எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படாத ஒரு மருத்துவம் நம் கையில் இருக்கிறது. அதனை நோக்குவோம்.

மாறாத படிகள்

நாம் அறிந்த ஒரு கல்லூரியில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். இரு கால்களிலும் காலிப்பர் அணிந்த மாணவர் ஒருவர் தமிழ் இலக்கிய வகுப்பில் சேர்ந்தார். வகுப்பறை இரண்டாம் மாடியில் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட படிகள். கைப்பிடிச் சுவர் ஒருபுறம் மட்டுமே. காலையில் பிறர் வருமுன் வந்து, ஒருமுறை ஏறுவார். மாலையில் எல்லாரும் சென்றபின் ஒருமுறை இறங்குவார். இடையில் தண்ணீர் அருந்தமாட்டார். ஏனெனில் கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. வகுப்பைக் கீழே மாற்றித் தருமாறு சிலர் கேட்டபோது, கால அட்டவணை இடம் தராது என்று விடை வந்தது. அதே ஆண்டு விழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தித் தன்னம்பிக்கையின் சிகரம் என்று புகழ்ந்தனர். அம்மேடைக்கும் படிகள் இருந்தன. இரு நண்பர்கள் அவரைத் தூக்கித்தான் ஏற்றினர். அவர் கேட்டது பொன்னாடையன்று. கீழ்த்தளத்தில் ஓர் அறை. அதற்குப் பணம் செலவில்லை. ஒரு சாவியை மாற்றிக் கொடுத்தால் போதும். மூன்றாண்டும் அச்சாவி மாறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதனினும் விரிவான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு நிறைவேறி, 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அரசுசார் உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களிலும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அச்சட்டம் ஒதுக்குகிறது. ஆயினும் சேர்க்கைப் பட்டியலில் இடம் தருவது வேறு. வகுப்பறை வரை வழி தருவது வேறு. தமிழகத்தில் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை நீக்கி, 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை அரசு ஏற்றது 2010ஆம் ஆண்டில். நற்சொல்லை வரவேற்கிறோம். சொல் மாறிய அளவுக்குப் படி மாறவில்லை என்பதே நம் வருத்தம்.

சாய்தளம் கட்டிய இடங்களிலும் கருத்து இருந்ததேயன்றிக் கணக்கு இல்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது அடிப்படை அளவு. மூன்றடி உயரத் திண்ணைக்கு முப்பத்தாறடி நீளச் சாய்தளம் வேண்டும். நாம் காண்பவையோ பத்தடியில் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. இருசக்கர வண்டிகளை ஏற்றவே அவை பயன்படுகின்றன. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முழங்கால் மடங்காத காலிப்பர் அணிந்தவர்க்குச் செங்குத்தான சாய்தளத்தைவிட, உயரம் குறைந்த, இருபுறமும் கைப்பிடியுள்ள படியே எளிது. சக்கர நாற்காலியில் வருபவர்க்கோ சாய்தளம் இன்றியமையாதது. ஆதலின் இரண்டும் வேண்டும். பளபளக்கும் தரைக்கற்கள் ஈரமானால் ஊன்றுகோல் வழுக்கும். ஊன்றுகோலின் அடியிலுள்ள இரப்பர் தேய்ந்தால் சமதரையிலும் வழுக்கும். அச்சிறு இரப்பர் விலை மிகுந்ததன்று. இவற்றைப் பயன்படுத்துவோரிடம் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பர்.

தேனும் ஏணியும்

'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல' என்று ஒரு பழமொழி வழங்குகிறது. எட்டாததை விரும்புவோரை எள்ளுவதற்கு அதனை ஆள்கிறோம். தமிழ் பயில்வோர் இப்பழமொழியைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேனை விரும்புவது எவ்வகையில் குற்றம்? கால் இயங்காதவர் நாவுக்கும் தேன் இனிக்கும். ஆசைப்பட்டவர் மீது குறை காணும் இப்பழமொழி, ஏணி வைக்காத ஊரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மொழியில் படிந்துள்ள இத்தகைய கறைகளைத் துலக்குவதும் மொழித்துறையின் கடமை என்று கருதுகிறோம்.

ஒருசிலருக்காக இத்தனை செலவா என்று கேட்போர் உளர். இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாட்டில் இனி இது தேவையா என்றும் கேட்கலாம். இளமையில் இந்நோயுற்றுப் பின் நன்கு நடந்தோருக்கும், பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மீண்டும் வலுக்குறைவதுண்டு என்று மருத்துவம் கூறுகிறது. மீட்ட நடையை இரண்டாம் முறை இழக்கும் அவர்களுக்கு விடை என்ன? சாலை விபத்தும் நீரிழிவும் பக்கவாதமும் நாள்தோறும் புதியவர்களைச் சேர்த்துக் கொண்டிருக்கின்றன. முதுமை எவரையும் விடுவதில்லை. இன்று கட்டும் கைப்பிடி, நாளை நாமே பற்றிக் கொள்வதற்கும் உரியது.

முயற்சியுடையோர் எப்படியும் ஏறிவிடுவர் என்று வாதிடுவோரும் உளர். ஏறிவிடுவர், மறுக்கவில்லை. ஆனால் பிறர் படிப்பதற்குச் செலவிடும் ஆற்றலை இவர் படி ஏறுவதற்கே செலவிட வேண்டும் என்று விதிப்பது எந்த நீதி? மனவுறுதியைப் போற்றுவது நன்று. அதனைத் தேவையின்றிச் சோதிப்பது நன்றன்று.

முடிவாக

அறுவை மருத்துவரும் கைவினைஞரும் அறிவியலாரும் தம் பங்கைச் செய்துள்ளனர், செய்து வருகின்றனர். ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை எளியவை. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் துறையில் சேர்ந்துள்ள மாற்றுத்திறனாளி மாணவரைத் தனியே அழைத்து, எது இடராக உள்ளது என்று கேட்க வேண்டும். அவர் பயிலும் வகுப்பு கீழ்த்தளத்தில் அமைய வேண்டும். நூலகத்தின் மேல்தட்டு நூலை எடுத்துத் தர ஒருவர் இருக்க வேண்டும். கைப்பிடியும் கழிப்பறையும் அவருக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மேடையில் அவரைப் பாராட்ட விரும்பினால், முதலில் மேடைக்கு வழி அமைக்க வேண்டும்.

ஒருவர் பல்லாண்டு முயன்று, பலர் உழைத்து, ஓரடி எடுத்து வைக்கிறார். அந்த ஓரடியின் எதிரே நாம் எழுப்பியுள்ள படி ஓரடி உயரம் உள்ளது. அவர் தம் கடமையைச் செய்து முடித்துவிட்டார். இனி அப்படியைத் தாழ்த்த வேண்டியவர்கள் நாமே.